எஸ். சீனிவாச ஐயங்காருக்கு ஒரு நன்றி மடல்

மதிப்புக்குரிய ஐயா,

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம், மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித் தருகிறேன். பூரண சுயராஜ்யம் என்றதும் லாகூர், 1929, ராவி நதிக்கரை என்று ஒப்பிப்பார்கள். உங்கள் பெயரை நான்தான் எடுத்துச் சொல்வேன்.

சென்னை மாகாண அட்வகேட் ஜெனரலாக இருந்தவர் நீங்கள். 1920இல் அந்தப் பதவியை உதறினீர்கள்; சி.ஐ.இ. பட்டத்தையும் திருப்பிக் கொடுத்தீர்கள். வெள்ளையர் சட்டத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவர், அந்தப் பேரரசுக்குள்ளேயே தன்னாட்சி என்ற டொமினியன் அந்தஸ்து போதாது என்று சொன்னதற்கு எடை அதிகம். என் நன்றி முதலில் அதற்குத்தான்.

1927 மே மாதம் எங்கள் பம்பாயில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டிக்கு நீங்கள் தலைவர். நவம்பரில், ஓர் இந்தியர்கூட இல்லாத சைமன் கமிஷனை லண்டன் அறிவித்தது. டிசம்பரில் சென்னைக் காங்கிரஸ், முழு விடுதலையே இலக்கு என்ற ஜவாஹர்லாலின் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1921இல் அகமதாபாத்தில் மௌலானா ஹஸ்ரத் மொஹானி கேட்டுத் தோற்றது இதைத்தான். சென்னைத் தீர்மானத்தைக் காந்தியடிகளே அவசரப்பட்டு நிறைவேற்றியது என்றார்.

மறு ஆண்டு, ஜவாஹர்லாலின் தந்தை தலைமையில் உருவான நேரு அறிக்கை டொமினியன் அந்தஸ்துக்கு இறங்கி வந்தது. நீங்கள் இறங்கவில்லை. ஜவாஹர்லாலும் சுபாஷும் செயலாளர்களாக, நீங்கள் தலைவராக, இந்திய விடுதலை லீக் பிறந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய வக்கீல், இளைஞர்களுக்கு முன்னால் நின்றதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. கல்கத்தா காங்கிரஸில் முழு விடுதலை கேட்ட சுபாஷின் திருத்தம் 973க்கு 1350 என்று தோற்றது. அந்த 973 பேரை என் பிள்ளைகள் மறக்கக் கூடாது.

லாகூரில் பூரண சுயராஜ்யத் தீர்மானத்தைக் காந்தியடிகளே கொண்டுவந்தார். காரியக் கமிட்டியிலோ உங்களுக்கும் சுபாஷுக்கும் இடம் தரப்படவில்லை. இது நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

நீங்கள் 1941 மே மாதம் மறைந்தீர்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று, மாட்டுங்காவிலிருந்து ரயிலேறினால் சீக்கிரமே போய்விடக்கூடிய கோவாலியா டாங்க் மைதானத்தில், 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. அதற்கு வந்திருந்த காமராஜர், போலீஸ் கண்ணில் படாமலிருக்க, ஊர் திரும்பும் வழியில் அரக்கோணத்திலேயே இறங்கிக்கொண்டு, செய்தியை ஊர் ஊராகச் சேர்த்தார். அன்று டொமினியன் அந்தஸ்து பற்றிப் பேச யாருக்கும் மனமில்லை. அந்தப் பேச்சை முதலில் மறுத்தவர்களில் தமிழரான நீங்களும் ஒருவர் என்பதற்காக, மீண்டும் என் நன்றி.

இப்படிக்கு,
மாட்டுங்காவிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியை