நாற்பதில் தொழில் மாறும்போது

காஞ்சிபுரத்தில் தொழில் மாறுவது புதிய செய்தியன்று. கைத்தறியை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் தொழிற்சாலை வேலைக்குச் செல்கின்றனர். அதை யாரும் கனவைத் தேடிய பயணம் என்று புகழ்வதில்லை; வயிற்றுப்பாடு என்று சொல்லிக் கடந்துவிடுகின்றனர். ஆனால் நாற்பதைத் தொட்ட ஒருவர், ஓரளவு நல்ல வருவாய் தரும் வேலையை விட்டுவிட்டுச் சிறுவயதில் ஆசைப்பட்ட ஒன்றைத் தேடிப் போகும்போது ஊர் இரண்டாகப் பிரிந்து பேசுகிறது. ஒரு சாரார் ‘தவக்குல்’ என்கின்றனர். மறுசாரார் ‘பொறுப்பற்றவர்’ என்கின்றனர். இரண்டையும் நாம் நேரில் கேட்டிருக்கிறோம். நாமும் அவ்வாறு மாறியவர்தாம்.

மஃரிபுக்குப் பின் எமக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதைப் போல மக்தபில் அமர வேண்டும் என்பதே எமது இளவயது ஆசை. தந்தையார் வஃபாத்தானபோது எமக்கு வயது 17. ஒரு பட்டுச் சேலைக் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தோம். 24 ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. ஆடியில் வெறிச்சோடும் கடை, ஆவணி பிறந்ததும் முகூர்த்தச் சேலை எடுக்க வரும் குடும்பங்களால் நிரம்பும். ஜரிகையின் எடை, பாவுக்கும் ஊடைக்கும் சென்ற பட்டு, நெசவாளருக்குச் சேர வேண்டிய கூலி என்று எல்லாம் எமது பேரேட்டில் ஏறும். அது ஹலாலான, மரியாதையான வேலை. வெறுத்து ஓடிவந்தோம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

இவ்வூரில் கைவிடப்பட்ட சிறுவயது ஆசைகள் ஏராளம். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டுப் பின்னிச் சேரும். நெசவாளர் ஒருபுறம் அமர்ந்திருக்க, மறுகரையின் நாடாவை எறிய இன்னொருவர் வேண்டும். முன்பு அந்த இடத்தில் பெரும்பாலும் சிறுவர்களே இருந்தனர். எமது வயதொத்த பலர் பள்ளிக்குச் செல்ல வேண்டிய காலத்தைத் தறியின் ஓரத்தில் கழித்தவர்கள். அவர்களுக்கு எதன்மீது ஆசை இருந்தது என்று எவரும் கேட்டதில்லை.

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர்களுள் ஒருவரான இமாம் அல்கஃப்ஃபால் அல்மர்வஸீ (ரஹ்) அவர்களின் வரலாறு எமக்கு மிகவும் பிடித்தமானது. ‘கஃப்ஃபால்’ என்றாலே பூட்டுச் செய்பவர் என்று பொருள். சில தானிய மணிகளின் எடையே கொண்ட பூட்டைச் சாவியோடு செய்யுமளவு கைத்திறன் பெற்றிருந்தார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். முப்பதாம் வயதில்தான் ஃபிக்ஹ் கற்கப் புறப்பட்டார்கள். சிறுவயதிலேயே பாடம் தொடங்கிவிடும் அக்கால வழக்கத்தில் அது மிகத் தாமதம். ஆயினும் ஹிஜ்ரி 417இல் மறைந்தபோது குராசான் பகுதி ஷாஃபிஈ அறிஞர்களின் தலைவராக விளங்கினார்கள்.

தமிழ் பேசும் நமக்கு இன்னும் நெருக்கமானவர் இலங்கையின் அறிஞர் சித்தி லெப்பை. கண்டியில் 1838இல் பிறந்தவர். 1862இல் வழக்கறிஞராகி, நன்கு சம்பாதித்தவர். முஸ்லிம் பிள்ளைகள் கல்வியில் பின்தங்கிக் கிடந்தது அவரை வாட்டியது. 44ஆம் வயதில், 1882இல், ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். பிறகே, 1884இல், வழக்கறிஞர் தொழிலை விட்டுக் குடும்பத்துடன் கொழும்பில் குடியேறினார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவரது ‘அசன்பே சரித்திரம்’ தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்று. 1892இல் வாப்பிச்சி மரைக்காருடன் சேர்ந்து அவர் நிறுவிய மத்ரஸாவே பின்னாளில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. 1898இல் மறைந்தார்.

இவ்வாண்டுகளை வரிசையாக எழுதியதற்குக் காரணம் உண்டு. மேடைகளில் இவரைப் பற்றிப் பேசுவோர், ஒரே நாளில் எல்லாவற்றையும் உதறி எழுந்தவர் போலச் சித்திரிக்கின்றனர். உண்மையில் 20 ஆண்டுச் சம்பாத்தியம் கையில் இருந்தது. பத்திரிகை ஓடத் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகே இடம்பெயர்ந்தார். தியாகத்தை விட அந்த நிதானமே எம்மைக் கவர்கிறது.

மக்காவில் நோயுற்றிருந்த ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி), தம் செல்வத்தில் மூன்றில் இரு பங்கை அறத்துக்கு வழங்கிவிடலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். பாதி கூட வேண்டாம், மூன்றில் ஒன்றே அதிகம் என்று தடுத்த நபியவர்கள், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடாமல் வசதியோடு விட்டுச் செல்வதே மேல் என்று உணர்த்தினார்கள். இது வஸிய்யத் பற்றிய செய்தி. தொழில் மாற்றத்தைப் பற்றியதன்று. ஆயினும் அல்லாஹ்வுக்காகவே கொடுக்க நினைத்த ஒரு ஸஹாபிக்குக் குடும்பத்தின் பங்கு நினைவூட்டப்பட்டது என்றால், நம் ஆசைக்காக வேலையை விடுமுன் அது யார் பங்கிலிருந்து போகிறது என்று நாம் கேட்க வேண்டாமா?

எமது வீட்டில் அக்கேள்வியை எழுப்பியவர் மனைவியே. 37 வயதில் அஞ்சல் வழியில் இஸ்லாமியக் கல்விப் பட்டயம் படிக்கத் தொடங்கியபோது அவர் மறுக்கவில்லை. கடையை விட்டுவிட்டு முழுநேரமாக மத்ரஸாவுக்குச் செல்ல நினைக்கிறோம் என்று 2017இல் சொன்னபோதுதான் ஒரு தாளை எடுத்து வந்தார். வீட்டு வாடகை, அரிசி, எம் தாயாரின் மருந்து, மகளின் படிப்பு என்று எழுதினார். மத்ரஸாச் சம்பளம் கடைச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. “மகள் பிளஸ் டூ முடிக்கட்டும், ஒரு வருடச் செலவுக்குப் பணம் சேரட்டும். அதன்பிறகு போங்கள், நான் சேலைக்குக் குஞ்சம் முடித்துக் கொடுக்கிறேன்” என்றார். இரண்டாண்டுகள் காத்திருந்தோம். அத்திவரதரைக் காண 48 நாட்கள் ஊர் முழுதும் மக்கள் திரண்ட 2019ஆம் ஆண்டின் இறுதியில் கடையிலிருந்து விடைபெற்றோம்.

சில மாதங்களில், 2020 மார்ச்சில், ஊரடங்கு வந்தது. மக்தப் மூடப்பட்டது; சம்பளம் நின்றது. திருமணங்கள் தள்ளிப்போனதால் குஞ்சம் முடிய வரும் சேலைகளும் நின்றன. அந்த ஆண்டு எம் வீட்டில் அடுப்பெரிந்தது, மனைவியார் சேர்க்கச் சொன்ன பணத்தால்தான். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

அண்மையில் ஜரிகைக் கடையொன்றில் வேலை செய்யும் சகோதரர் ஒருவர் வந்தார். வயது 43. “ஹஸரத், வேலையை விட்டுட்டு வேலூருக்கு ஓதப் போகலாம்னு இருக்கேன்” என்றார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லையாம். இருவரையும் ஒருநாள் சேர்ந்து வரச் சொன்னோம், வந்தனர். அந்தச் சகோதரி ஓதப் போவதை எதிர்க்கவில்லை. வீட்டுக் கடன் முடிய மூன்றாண்டுகள் இருக்கின்றன, அதுவரை இங்கேயே இரவில் ஓத முடியுமா என்று மட்டும் கேட்டார்.

இப்போது வாரத்தில் நான்கு நாள் இஷாவுக்குப் பின் அவர் வருகிறார். ஸர்ஃபின் முதல் வாய்பாட்டில் இருக்கிறார். தவணை இன்னும் 31 மாதங்கள்.