ரேகை விழாத கை

கஜா புயலைப் பற்றிப் பேச்செடுத்தால் வேதாரண்யம் பக்கத்தில் எல்லோரும் விழுந்த தென்னைகளிலிருந்துதான் தொடங்குவார்கள். எங்களுக்குத் தோப்பு கிடையாது. வீட்டுக்காரர் உப்பளத்துக் கூலி. அந்தக் காற்று எங்களிடமிருந்து கொண்டுபோனது கூரை ஓடுகளையும் ஒரு பிளாஸ்டிக் பையையும்.

பையில் இருந்தவை தம்பியின் காகிதங்கள். மகனை நாங்கள் தம்பி என்றுதான் கூப்பிடுகிறோம். பிறந்தபோது அவன் அழவில்லை. பிறகு கழுத்தும் நிற்கவில்லை. மூளை முடக்குவாதம் என்றார்கள். 75 சதவீதத்துக்கு மேல் பாதிப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, அடையாள அட்டைப் புத்தகம் வாங்கி, மனு போட்டு, கடும் பாதிப்புள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை வந்தது. அப்போது மாதம் 1,500 ரூபாய். வலிப்பு மாத்திரை அரசு மருத்துவமனையிலேயே கிடைத்துவிட்டால் அந்த மாதம் பாலுக்கும் பழத்துக்கும் ஆகும். கிடைக்காவிட்டால் மாத்திரைக்கே சரி.

2018 நவம்பர் 15, இரவு. கடல் பக்கம் இரைச்சல் ஏறிக்கொண்டே வந்தது. நள்ளிரவு தாண்டியதும் முதல் ஓடு பறந்தது, அடுத்தது, அதற்கடுத்தது, மின்சாரம் எப்போதோ போயிருந்தது, வீட்டுக்காரர் மூத்த மகளைப் பிடித்துக்கொண்டார், நான் தம்பியைத் தோளில் போட்டுச் சேலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன், பதினொரு வயசுப் பிள்ளை, கால் இரண்டும் என் முட்டியில் இடித்தன, தகரம் ஒன்று தலைக்கு மேலே போனது, குப்புற விழுந்தோம், எழுந்தோம், பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஈரத்துணி, மண்ணெண்ணெய், கைக்குழந்தைகளின் பால்வாடை. இன்றும் மழைநாளில் நனைந்த போர்வை வாசம் வந்தால் எனக்கு அந்த அறைதான். விடிவதற்குள் தம்பிக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. மாத்திரையும் அந்தப் பையோடுதான் போயிருந்தது. மூலையிலிருந்து ஒரு பாட்டி நகர்ந்து வந்தார். தோப்புத்துறைக்காரர், மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அவர் பேரனுக்கும் வலிப்பு, அதே மாத்திரை, அதே பவர். பாதி அட்டையைக் கிழித்து நீட்டினார்.

"ஒங்க பேரனுக்கும்மா?"

"அவனுக்கு நாளைக்கு அல்லா குடுப்பான். நீ புள்ள வாயில போடு தாயி."

வெற்றிலைக் காவி ஏறிய பல்லும், ஒரு கண்ணில் புரை விழுந்த முகமும். பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

நிவாரணத்துக்குப் பாத்திரம் ஏந்தி நின்ற வாரங்களிலேயே காகிதத்துக்கும் அலைச்சல் தொடங்கிவிட்டது. புத்தகத்தின் நகல் வேண்டும். நகலுக்கு ஆதார் வேண்டும். சின்ன வயசில் எடுத்த ஆதாரில் ரேகை கிடையாது, புதுப்பித்து வரச் சொன்னார்கள். தம்பியின் கை எப்போதும் மூடியே இருக்கும். நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகாமல் துணி சுருட்டி வைப்பேன். ஓர் அலுவலகத்தில், "கையை விரிக்கச் சொல்லும்மா" என்றார் ஒருவர். "விரிக்கத் தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க வந்து நிக்கிறேன்?" என்றேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேறோர் இடத்தில் மெஷினில் உட்கார்ந்திருந்தது கல்லூரி முடித்த வயசுப் பெண். அவள் கையைத் தொடவே இல்லை. கருவிழியைப் பதியலாம் அக்கா என்று கருவியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருந்த தரைக்கே வந்து முட்டி போட்டாள். வெளிச்சத்தைப் பார்த்ததும் தம்பி வாயெல்லாம் சிரித்தான். "அசையாம இரு ராஜா." அவனுக்கு அதுதானே வராது. அவன் சிரித்து ஓயும்வரை காத்திருந்து எடுத்தாள்.

அந்த நடையில்தான் மற்ற அம்மாக்களைத் தெரிந்துகொண்டேன். கோடியக்காட்டு அக்கா ஒருத்தி, வயசுக்கு வந்த மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். மாதவிலக்கு நாளென்றால் பெரிய சேலையைச் சுற்றி மறைத்துத் தூக்குவாள். பஸ்ஸில் இரண்டு சீட்டு கேட்டால் சண்டை. நூறு நாள் வேலைக்கு அந்த வருஷம் தமிழ்நாட்டில் நாள்கூலி 224 ரூபாய். எங்களால் அதற்கும் போக முடியாது. 1,500-ஐ நாளுக்குப் பிரித்தால் ஐம்பது. குளிப்பாட்ட, ஊட்ட, மலம் துடைக்க, ராத்திரி நாலு தடவை புரட்டிப் படுக்க வைக்க. பணம் பிள்ளை பெயரில் வருகிறது, வரட்டும், அது அவன் உரிமை. தூக்குகிறவள் இடுப்பு யார் கணக்கில்?

2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படியும் உண்டு, ஆனால் மாநில அரசு தன் சக்திக்கு உட்பட்டுத் திட்டம் போட வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது என்று மாற்றுத்திறனாளிகள் சங்கத்துத் தோழர் படித்துக் காட்டினார். அவருக்கு இரண்டு காலும் போலியோ. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடெங்கும் அரசு அலுவலகங்களில் குடியேறும் போராட்டம் நடந்தது. கடும் பாதிப்புள்ளவர்களுக்கு 5,000, மற்றவர்களுக்கு 3,000 கொடு என்று கோரிக்கை. தெலங்கானாவில் அப்போதே 3,016 கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாயும் பாத்திரமுமாகப் போனோம். போலீஸ் சூழ்ந்தது, வண்டியில் ஏற்றினார்கள், சக்கர நாற்காலி ஒன்று ரோட்டிலேயே நின்றுவிட்டது, யாரோ கத்தினார்கள், ஒரு பெண் காவலர் ஓடிப்போய் எடுத்து வந்தார். கல்யாண மண்டபத்தில் அடைத்துவைத்துச் சாம்பார் சாதம் போட்டார்கள். உப்பு கூடுதல். கோடியக்காட்டு அக்கா தன் மகளுக்கு ஊட்டிவிட்டு, கையைக் கழுவாமலே தம்பிக்கும் ஊட்டினாள். அன்று மதியம் நான் சுவரில் சாய்ந்து தூங்கினேன். பிள்ளையை இன்னொருவர் பார்த்துக்கொள்ளத் தூங்கியது எத்தனையோ வருஷம் கழித்து அன்றுதான்.

உதவித்தொகை பிறகு 2,000 ஆயிற்று. தம்பிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. நான் தூக்கினால் அவன் கால் தரையில் இழுபடுகிறது. இனி 1999-ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் குழுவில் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும். எனக்குப் பின்னால் யார் என்பதையும் யோசித்து வைக்கச் சொல்கிறார்கள். மூத்தவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். "என் பேரச் சொல்லும்மா, நான் வந்து பாத்துக்கறேன்" என்றாள் போனில்.

"வேலைய விட்டுட்டு வந்து ரெண்டாயிரத்துல ரெண்டு பேரும் என்னடி திம்பீங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பின்னால் மெஷின் ஓடும் சத்தம்.

"அத என்கிட்ட ஏம்மா கேக்குற? கலெக்டர்கிட்ட கேளு."

திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். கோடியக்காட்டு அக்காவும் வருகிறாள். மனுவில் அந்தக் கேள்வியையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.