அனுப்பாத கடிதம்

ஷேக்ஸ்பியருக்கு எழுதப்பட்ட கடிதங்களுள் இன்று எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்றுதான். அது நாடகத்தைப் பற்றியதன்று. கடன் கேட்டு எழுதப்பட்டது.

தமிழ் முதுகலை பயின்ற எனக்கு ஷேக்ஸ்பியர் அறிமுகமானது பம்மல் சம்பந்த முதலியார் ‘ஹாம்லெட்’டைத் தழுவி எழுதிய ‘அமலாதித்யன்’ வழியாக. அரசர்களும் ஆவிகளும் உலவும் மேடைக்கு உரியவராகவே அவரை எண்ணியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில் அவர் காலத்து ஆவணங்களின் படங்களைக் கணினித் திரையில் பார்க்கத் தொடங்கியபோது அவ்வெண்ணம் கலைந்தது. கையுறை தைத்து விற்ற தந்தை ஜான், 1552இல் தெருவில் குப்பை குவித்ததற்காக அபராதம் கட்டியிருக்கிறார். தானியத் தட்டுப்பாட்டுக் காலமான 1598இல் எடுத்த இருப்புக் கணக்கில், மகன் பெயருக்கு நேரே பத்துக் குவார்ட்டர் மால்ட் பதிவாகியுள்ளது.

அதே ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் எழுதப்பட்டது அந்தக் கடிதம். தீவிபத்துகளால் நலிந்த ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு வரிச்சலுகை கேட்க இலண்டன் சென்றிருந்த ரிச்சர்ட் குவைனி, தம் ஊர்க்காரரான ஷேக்ஸ்பியரிடம் 30 பவுண்டு கேட்கிறார். கடிதம் குவைனியின் தாள்களுக்கிடையிலேயே கிடைத்தது, அனுப்பப்படவில்லை போலும். ஷேக்ஸ்பியர் பணத்துக்கு ஏற்பாடு செய்வார் என்று குவைனி தெரிவித்ததை, நவம்பர் 4ஆம் நாள் ஆபிரகாம் ஸ்டர்லி என்ற நண்பர் அவருக்கு எழுதிய பதிலிலிருந்து அறிகிறோம். இருவரும் நேரில் பேசியிருக்கலாம். 1616இல் குவைனியின் மகன் தாமஸ், ஷேக்ஸ்பியரின் மகள் ஜூடித்தை மணந்தார்.

இதைப் படித்தபோது அப்பாவின் டிரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது. அப்பா கைத்தறி நெசவாளர். அவர் மறைந்தபின் நூல் கணக்கு நோட்டுகளுக்கு அடியில் ஓர் இன்லண்ட் கடிதம் கிடைத்தது. பெரியப்பாவுக்கு எழுதியது. என் முதுகலைக் கட்டணத்துக்காக இரண்டாயிரம் ரூபாய் கேட்டு, முகவரியும் எழுதி, ஒட்டாமல் வைத்திருந்தார். அந்த ஆண்டு முழுவதும் அம்மாவின் காதில் தோடு இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காப்பகம் என்பது பெரியவர்களின் புகழைச் சேர்த்துவைக்கும் இடம் என்று வகுப்பில் சொல்லிவந்திருக்கிறேன். இனி அப்படிச் சொல்ல இயலாது. நாடகங்களைக் காத்த அதே காலம், கேட்கத் தயங்கியவர்களின் தாள்களையும் சில வேளை காத்துவிடுகிறது.

அம்மாவிடம் கடிதத்தைக் காட்டினேன். வெகுநேரம் கையில் வைத்திருந்தார். “கேட்டிருந்தா உங்க பெரியப்பா குடுத்திருப்பாரு. உங்கப்பாவுக்குத்தான் கேக்கத் தெரியாது” என்றார்.