நீர்க்கரையில் நடந்தோம்

முதுமை வந்தபின் நாள்தோறும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் அனைவரும் கூறுகின்றனர். எங்கே நடப்பது என்பதைத்தான் அவர்கள் கூறுவதில்லை. மேடு பள்ளமின்றி, வண்டிகளின் இரைச்சலின்றி, களைத்தபோது அமர இடமும், நிமிர்ந்தபோது கண்ணுக்கு விருந்தும் உள்ள பாதை எளிதில் வாய்ப்பதில்லை. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகருக்கு மேற்கே, டெர்வென்ட் ஆற்றின் மேல் பள்ளத்தாக்கில், அத்தகைய பாதைகள் பல உள்ளன. மணமாகி அந்நகரில் வாழும் எங்கள் மகளோடு ஒரு கோடைகாலம் தங்கியிருந்த நாங்கள் இருவரும், ஞாயிறுதோறும் பிற்பகலில் அங்கே நடந்து பழகினோம்.

அவ்வாண்டு எங்கள் உள்ளத்தில் ஒரு சுமை இருந்தது. ஊரிலுள்ள வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து தங்குமாறு மகள் வேண்டியிருந்தாள். நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த வீடு அது. பிள்ளைகள் தவழ்ந்த கூடமும், பெற்றோர் கண்மூடிய அறையும் அதிலேயே உள்ளன. விடை சொல்ல இயலாமல் நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தோம். அதைப் பற்றிப் பேசாதிருப்பதற்காகவே நடக்கப் போனோம் என்றும் சொல்லலாம்.

அப்பள்ளத்தாக்கில் ஹவ்டன், டெர்வென்ட், லேடிபவர் என்னும் மூன்று நீர்த்தேக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. ஷெபீல்டு, டார்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் ஆகிய தொழில் நகரங்களின் தாகம் தீர்க்கவே அவை கட்டப்பட்டன. ஹவ்டன் அணையின் வேலை 1901-ஆம் ஆண்டு தொடங்கி 1912-இல் முடிந்தது. டெர்வென்ட் அணை 1916-இல் நிறைவுற்றது. அவையும் போதாமற்போகவே, 1935-இல் லேடிபவர் அணை தொடங்கப்பட்டு, 1945 செப்டம்பரில் ஆறாம் ஜார்ஜ் மன்னரால் திறந்துவைக்கப்பட்டது.

எங்கள் முதல் நடை பாம்ஃபோர்டு என்னும் சிற்றூரின் அருகே தொடங்கியது. அணைகளுக்குக் கல் கொண்டு செல்ல அந்நாளில் ஒரு புகைவண்டிப் பாதை போட்டிருந்தார்கள். தண்டவாளங்கள் அகற்றப்பட்ட அத்தடமே இன்று மரநிழல் கவிந்த நடைபாதையாக உள்ளது. புகைவண்டி ஏறிய பாதையாதலால் ஏற்றம் காலுக்குத் தெரிவதில்லை. அது லேடிபவர் அணையின் அடிவாரத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. அணையின் அருகே நீருக்குள் இரண்டு பெரிய வட்டக் கிணறுகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் வாயும் 80 அடி அகலம். அணை நிரம்பும்போது மிகுதி நீர் அவற்றின் விளிம்பு வழியே உள்ளே இறங்கி, அடியிலுள்ள சுரங்கத்தின் வழியாக ஆற்றை அடைகிறது. கோடையாதலால் அன்று விளிம்புகள் காய்ந்திருந்தன.

அணைக்குக் கீழே யார்க்‌ஷயர் பிரிட்ஜ் என்னும் இடத்தில் ஒரே சாயலில் கட்டப்பட்ட கல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவை யாருக்காகக் கட்டப்பட்டவை என்று மகள் சொன்னபோது எங்கள் நடை தளர்ந்தது. லேடிபவர் நீரில் டெர்வென்ட், ஆஷோப்டன் என்னும் இரண்டு ஊர்கள் மூழ்கின. வீடிழந்த மக்களைக் குடியேற்றிய வீடுகளே அவை. தங்கள் ஊரை மூடிய அணையைக் காலையில் கதவைத் திறந்தால் காணும்படியாக அம்மக்கள் எஞ்சிய நாட்களை வாழ்ந்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் கிழக்குக் கரையோரமாக நடந்தோம். சமதளமான பாதை. இடப்புறம் நீர், வலப்புறம் காட்டுச் சரிவு. டெர்வென்ட் ஊர் இருந்த இடத்தில் பழைய மாளிகையொன்றின் வாயில் தூண்கள் மட்டும் நிற்கின்றன. வாயிலுக்கு அப்பால் மாளிகை இல்லை. அந்த ஊரின் ஆலயத்தில் 1943 மார்ச் 17 அன்று இறுதி வழிபாடு நடைபெற்றது. கல்லறைகளில் துயின்றோரின் எச்சங்களைத் தோண்டி எடுத்துப் பாம்ஃபோர்டு ஆலயத் தோட்டத்தில் மீண்டும் அடக்கம் செய்தனர். ஆலய மணி டார்பி நகரின் சாடஸ்டன் பகுதியிலுள்ள வேறோர் ஆலயத்துக்குச் சென்றது. ஊரின் நினைவாகக் கோபுரத்தை மட்டும் இடிக்காமல் விட்டிருந்தார்கள். நீர் ஏறிய பின்னும் அது ஏரிக்கு மேல் நின்றது. அதை நெருங்க முயல்வோருக்கு ஆபத்து நேரலாம் என்றெண்ணி 1947 டிசம்பரில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டனர். 1976, 1995, 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் வறட்சியில் நீர் வற்றியபோது ஊரின் இடிபாடுகள் வெளிப்பட, அவற்றைக் காண மக்கள் திரளாகக் கூடினர்.

அதே 1943-ஆம் ஆண்டில் மேலேயுள்ள டெர்வென்ட் நீர்த்தேக்கத்தின்மீது போர் விமானங்கள் மிகத் தாழ்வாகப் பறந்து பயிற்சி பெற்றன. அவ்வாண்டு மே மாதம் அவை ஜெர்மனியில் இரு பெரும் அணைகளைத் தகர்த்தன. வெள்ளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அங்கே கட்டாய வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்த அயல்நாட்டினர். அமைதியாகக் கிடக்கும் அந்நீரைப் பார்த்தபடி இதைக் கேட்டபோது எங்களுக்குப் பேச்சு எழவில்லை.

மூன்றாவது நடை எல்லாவற்றிலும் நீண்டது. ஃபேர்ஹோம்ஸ் என்னும் இடத்திலிருந்து மேற்குக் கரைச் சாலை வடக்கே செல்கிறது. ஞாயிறுகளில் அதில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை; ஆதலால் தள்ளுவண்டியில் குழந்தைகளும் சக்கர நாற்காலியில் முதியோரும் அச்சமின்றி வருகின்றனர். வழியில் ஒரு நாய்க்கு நினைவுக்கல் உண்டு. ஜோசப் டாக் என்னும் முதிய மேய்ப்பர் 1953 டிசம்பரில் ஹவ்டன் மேட்டில் இறந்துபோனார். டிப் என்னும் அவருடைய நாய், பனியிலும் குளிரிலும் பதினைந்து வாரங்கள் அவருடைய உடலருகே காத்துக்கிடந்தது. சற்று மேலே, அணை கட்டிய தொழிலாளர் குடும்பங்களுக்காகத் தகரத்தால் எழுப்பிய பெர்ச்சின்லீ என்னும் ஊர் இருந்த இடம் வருகிறது. பள்ளியும் மருத்துவமனையும் கடைகளும் அங்கே இருந்தன. வேலை முடிந்ததும் அது பிரித்தெடுக்கப்பட்டது. இப்போது மரங்களே மிகுதி.

பாதையின் தலைப்பகுதியில், ஆறு சிற்றோடையாக இருக்குமிடத்தில், ஒரு சிறிய கற்பாலம் உள்ளது. பொதிக்குதிரைகள் செல்வதற்காகப் பதினேழாம் நூற்றாண்டில் டெர்வென்ட் ஊரில் கட்டிய பாலம் அது. ஊர் மூழ்குமுன் அதனைக் கல் கல்லாகப் பிரித்து, ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டுப் பாதுகாத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, 1959-இல், அங்கே மீண்டும் அடுக்கினார்கள். பழைய ஊர் இல்லை. ஆனால் பாலம் இன்றும் மக்களைக் கரை சேர்க்கிறது. அதன்மேல் நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

ஆகஸ்டு மாதத்தில் மலைமேட்டுக்கும் மெல்ல மெல்ல ஏறிப் பார்த்தோம். மரமற்ற அகன்ற மேடு. ஹெதர் என்னும் குறுஞ்செடி பூத்து, கண்ணுக்கெட்டிய தொலைவு ஊதாப் போர்வை விரித்திருந்தது. அதன் அடியில் மக்கியும் மக்காத கருஞ்சேறு பஞ்சுபோல் மழையை உறிஞ்சிவைத்துச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகிறது. ஓடை நீர் தேநீர் நிறமாக இருப்பதற்கு அதுவே காரணம். முற்காலத்தில் ஆலைப் புகையால் பாசி அழிந்து சேறு அரித்தோடியது. இன்று பாசியை மீண்டும் நட்டு, ஓடைப் பள்ளங்களில் கல்லணையிட்டு அதனைக் காக்கிறார்கள். இத்தகைய மேடுகள் பல முன்பு வேட்டைப் பிரபுக்களுக்கே உரியனவாக இருந்தன. 1932-இல் அண்டையிலுள்ள கிண்டர் மலையில் தொழிலாளர் திரண்டு தடையை மீறி நடந்தனர். சிலர் சிறை சென்றனர். இன்று நம்மைப் போன்ற அயலாரும் அங்கே தடையின்றி உலவ முடிகிறதென்றால், அத்தகையோர் பட்ட பாடும் அதற்கு ஒரு காரணம்.

குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அது யாருடைய அடுப்படியையும் கல்லறைத் தோட்டத்தையும் கடந்து வருகிறது என்று நாம் எண்ணுவதில்லை. அம்மக்கள் விரும்பிப் புறப்பட்டவர்கள் அல்லர். எங்களையோ ஒருவரும் விரட்டவில்லை, அன்பு அழைக்கிறது. எனினும் இடம் பெயரும் முறையை அவர்களிடம் கற்றுக்கொண்டோம். இறந்தோரை மறவாமல், மணியை இன்னோர் ஊரின் பயனுக்குக் கொடுத்து, பாலத்தின் கற்களுக்கு எண்ணிட்டுப் புறப்பட்டார்கள். காப்பாற்ற வேண்டியது எது, கொடுத்துவிட வேண்டியது எது, விட்டுவிட வேண்டியது எது என்று பகுத்துப் பார்க்கவும் காலம் வேண்டும் அல்லவா?

மகளிடம் ஓராண்டு தவணை கேட்டோம். அவள் முகம் முதலில் வாடியது, பின்பு புரிந்துகொண்டாள். ஊர் திரும்பிய பின், வீட்டிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, இன்னார்க்கு இது என்று எழுதிவருகிறோம். பெற்றோரின் கல்லறையைப் பார்த்துக்கொள்ளத் தம்பி மகன் இசைந்துள்ளான். பித்தளை அண்டாக்கள் பக்கத்துத் தெருவின் கலியாண வீடுகளுக்கு இப்போதே போய்விட்டன. வீட்டை யாருக்குக் கொடுப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அதனைக் குறித்து மாலை நடையின்போது இருவரும் பேசுகிறோம். முன்போல் அப்பேச்சைத் தவிர்ப்பதில்லை.