பெயர் எழுதாத குரூப் போட்டோ

பியூஃபர்ட், தென் கரோலைனா

அன்புள்ள முருகேசா,

மகள் வீட்டிலிருந்து முந்தாநாள் காரில் இங்கே வந்தோம். ஊர்ப் பெயரை நான் போஃபர்ட் என்றேன். விடுதிப் பெண் உடனே திருத்தினாள். இதே எழுத்தில் வட கரோலைனாவிலும் ஓர் ஊர் உண்டாம், அதுதான் போஃபர்ட், இது பியூஃபர்ட். நம்மூரை டூட்டிகோரின் ஆக்கியவர்களின் பங்காளிகளுக்கு உச்சரிப்பில் இத்தனை கறார்!

மதியம் ஃபிராக்மோர் ஸ்டூ சாப்பிட்டோம். பெயரில்தான் தவளை, உள்ளே இறால், சோளக்கதிர், உருளைக்கிழங்கு, பன்றிக் கொத்துக்கறிக் குழல். பக்கத்துத் தீவில் ஃபிராக்மோர் என்று ஓர் இடம் இருக்கிறது. இறால் அருமையான இறால், பாவம், வேகவைத்ததோடு விட்டுவிட்டார்கள். தங்கச்சி கையில் கிடைத்திருந்தால் அதற்கு நல்ல கதி கிடைத்திருக்கும்.

பிறகு குதிரை வண்டியில் ஊரைச் சுற்றினோம். வண்டிக்காரர் தூணையும் தாழ்வாரத்தையும் பற்றியே பேசினார். மரம் அறுத்தது யார், செங்கல் சுமந்தது யார் என்று கேட்டேன். "அந்தக் காலத்து ஆட்கள்" என்றார். அப்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது.

மிச்ச எரிச்சல் ஒரு படத்தால் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உள்நாட்டுப் போர் தொடங்கிய வருடம், 1861 நவம்பர் 7, வடக்குக் கடற்படை இங்கே போர்ட் ராயலில் கோட்டைகளைச் சுட்டு வீழ்த்தியது. தோட்ட முதலாளிகள் போட்டது போட்டபடி ஓடினார்கள். சுற்றுத் தீவுகளில் இருந்த சுமார் 10,000 அடிமைகள் ஓடவில்லை. (அமெரிக்கர்களின் இந்தச் சண்டையில் இந்தப் பக்கத்துப் பருத்தி வெளியே போகாமல் முடங்க, நம் திருநெல்வேலிப் பருத்திக்கு விலை ஏறியது. அதில் நம் கரிசல்காட்டுக்காரன் எத்தனை காசு பார்த்தான் என்பது வேறு கதை.) மறுவருடம் திமோத்தி ஓ'சல்லிவன் என்ற போட்டோக்காரர் கேமராவோடு வந்தார். அவர் எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கி இங்கே ஒரு கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

போட்டோக்காரர் மகனான உனக்கு அந்த வேலையின் கஷ்டம் புரியும். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, சில்வர் நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் எடுத்து, உடனே கழுவ வேண்டும். டார்க் ரூமைக் கையோடு கொண்டு அலைய வேண்டும். வெயிலில் பத்து நிமிஷம் தப்பினால் தகடு வீண். அவ்வளவு பாடுபட்டு ஒரு கறுப்பினக் குடும்பத்தை வரிசைப்படுத்தியிருக்கிறார். மூச்சை அடக்கி கேமராவைப் பார்க்கிறார்கள். கீழே தலைப்பு: ஸ்மித் தோட்டத்தில் ஐந்து தலைமுறை. எல்லாரும் ஜே. ஜே. ஸ்மித்தின் தோட்டத்திலேயே பிறந்தவர்கள் என்று குறிப்பு. அவ்வளவுதான். படத்தில் இல்லாத ஸ்மித்துக்குப் பெயர் இருக்கிறது. நிற்கிறவர்களில் ஒருவருக்கும் இல்லை. கேட்டு எழுதாமல் விட்டாரோ, கேட்கவே இல்லையோ.

அடுத்த கண்ணாடிப் பெட்டியில் செத்துப்போன ஒரு தோட்டக்காரரின் சொத்துப் பட்டியல். கழுதை, கலப்பை, வண்டி. அதே வரிசையில் ஆட்கள். பெயர், வயது, எதிரே டாலர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. விலை போட வேண்டியிருந்தால் பெயரை எழுதத் தெரிந்திருக்கிறது, முருகேசா. அங்கே பெயர் உண்டு, முகமில்லை; இங்கே முகம் உண்டு, பெயரில்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவில் நின்று யாருக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்று முட்டாள்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டியல் இந்தத் தோட்டத்தது கூட இல்லை.

முகமும் பெயரும் சேர்ந்து கிடைத்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ். இந்த ஊரில் அடிமையாகப் பிறந்தவர். 1862 மே 13 விடியுமுன், சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் கேப்டன் தொப்பியை மாட்டிக்கொண்டு, கோட்டைகளைத் தாண்டும்போது சரியான சங்கை ஊதி, பிளான்டர் என்ற கப்பலையே கடத்திக்கொண்டு வந்துவிட்டார். தன் முன்னாள் முதலாளியின் வீட்டை வரிபாக்கி ஏலத்தில் வாங்கினார். அது செல்லாது என்று தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1878-இல் அவர் பக்கமே தீர்ப்பானது. நம்மூர்த் தோணித் தண்டல்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால் சங்கு ஊதிய இடத்தில் கைதட்டுவார்கள்.

அதே ஸ்மித் தோட்டத்தில்தான் 1863 ஜனவரி 1 அன்று, பெரிய ஓக் மரங்களுக்கு அடியில், விடுதலைப் பிரகடனத்தை வாசித்தார்கள். படத்தில் நிற்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்களா? இருந்திருப்பார்கள் என்றே நான் வைத்துக்கொண்டேன்.

இரவு தூக்கம் வராமல் உங்கப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நெகடிவ் கவரிலும் எழுதி வைப்பாரே: இன்னார் வீட்டுக் கல்யாணம், மூணு காப்பி, பாக்கி பன்னிரண்டு ரூபாய். பாக்கிக்காகத்தான் பெயர் எழுதினார், அதுவும் தெரியும். இருந்தாலும் எழுதினாரே.

எங்க ஆச்சி நடுவில் உட்கார்ந்திருக்கும் குரூப் போட்டோ ஒரு காப்பி உன்னிடம் இருக்கிறது. இடப்பக்கக் கடைசியில் நிற்கிறவர் யாரென்று எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் தெரியாது; உங்கம்மாவுக்குத் தெரியும். கேட்டு, பின்னால் பென்சிலால் எழுதி வை. பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.

அன்புடன்,
செல்வம்