எஸ்பிஎஸ்எஸ்-க்கு முன்னால்…

எம்.எட். சேர்ந்தவர்கள் பலருக்கும் வயிற்றைக் கலக்குகிற பேப்பர் ஆய்வு முறையியல். பயமெல்லாம் டி-டெஸ்ட் மேலும் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் மேலும்தான். எனக்கென்னவோ கணக்கு சுலபம், கேள்வி கேட்பதுதான் கஷ்டம் என்று தோன்றுகிறது.

கூடப் படிக்கும் தோழியின் வினாநிரலை எட்டாம் வகுப்பில் முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்த்தோம். 'ஆசிரியர் தெளிவாகவும் அன்பாகவும் பாடம் நடத்துகிறார்' என்று அதில் ஒரு வரி. பக்கத்தில், லிக்கர்ட் 1932-இல் அறிமுகப்படுத்திய பாணியில், எவ்வளவு உடன்படுகிறோம் என்று குறிக்க ஐந்து கட்டங்கள். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மிஸ், தெளிவா நடத்துவாங்க, ஆனா ரொம்பத் திட்டுவாங்க. எதுல டிக் போடறது?"

ஒரே வரியில் இரண்டு கேள்வி! அவள் வாய் திறக்காமல் நடுக்கட்டத்தில் டிக் போட்டிருந்தால், அது 3 என்று எக்செலில் ஏறிச் சராசரியோடு கலந்திருக்கும். எந்த மென்பொருளும் அதைக் காட்டிக்கொடுக்காது.

மாதிரி எடுப்பதிலும் இதே கதைதான். கிரெஜ்சியும் மார்கனும் 1970-இல் வெளியிட்ட மாதிரி அளவு அட்டவணையைப் பார்த்து, 1,000 பேருக்கு 278, 1,00,000 பேருக்கு 384 என்று எழுதிவிடுகிறோம். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால்தான் அந்த எண் செல்லும். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே 384 பேரையும் பிடித்தால், அந்தப் பள்ளியைப் பற்றிப் பேசலாம். மாவட்டத்தைப் பற்றிப் பேச முடியாது.

ஜூனியர்களே, வினாநிரலை அச்சடிக்கும் முன் நாலு பிள்ளைகளை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். எஸ்பிஎஸ்எஸ்-ஐ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.