மயிலுக்கு ஒரு போர்வை!

கியர் சைக்கிளைக் கடை வாசலில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு ‘சூப்பர்’ என்று சொல்வது, மாவைப் பார்த்துவிட்டு ‘இட்லி பிரமாதம்’ என்பது மாதிரி. வெந்தால்தான் சார் தெரியும்!

மூட்டை முடிச்சை சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு நாள் கணக்கில் ஊர் சுற்றுவதற்கு ‘பைக்பேக்கிங்’ என்று பெயர். பெயரில்தான் பைக், பெட்ரோல் கிடையாது. கேரியரின் இரு பக்கமும் மூட்டையைத் தொங்கவிடாமல், ஹேண்டில்பாரில் ஒரு பை, சீட்டுக்குப் பின்னால் ஒரு பை, பிரேமின் முக்கோணத்துக்குள் ஒரு பை. வெளிநாட்டுப் பைகளின் விலைக்கு இங்கே ஒரு பழைய சைக்கிளே வாங்கலாம். ஆகவே, அட்டையில் முக்கோணம் வெட்டி எடுத்துக்கொண்டு சீட் கவர் தைக்கும் கடைக்குப் போனேன்.

“என்ன சார், சமோசாவுக்கு உறையா?” என்றார் டெய்லர். தார்ப்பாலினில் கச்சிதமாகத் தைத்துக் கொடுத்தார். கூலி 900 ரூபாய்.

சைக்கிள், செகண்ட் ஹாண்டில் வாங்கிய இரும்பு பிரேம் வண்டி. எங்கேயாவது விட்டுப்போனால் வெல்டிங் பட்டறையில் ஒட்டிக்கொள்ளலாம். மாற்றியது கியரை மட்டும்தான். காரணம், என் வலது முழங்கால். மூன்று வருஷமாக மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. “சைக்கிள் ஓட்டலாம். ஆனா அழுத்தி மிதிக்கக்கூடாது” என்றார் டாக்டர்.

பி.காம். படித்தவனுக்கு விகிதக் கணக்கு கசக்காது. பெடல் பக்கம் 44 பல், பின்சக்கரத்தில் 18 பல் உள்ள சாதாரண சைக்கிள், பெடலை ஒரு சுற்று சுற்றினால் ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். என் வண்டியின் கடைசி கியரில் முன்னால் 24, பின்னால் 34. ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்தான். தவணைக் கணக்கு மாதிரி! தவணைத் தொகை குறைவு, தவணைகள் அதிகம். முழங்காலுக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

டிசம்பரில் எட்டு நாள் லீவு போட்டு வேலூரிலிருந்து தனுஷ்கோடி போவதாகத் திட்டம். வீட்டில் நிபந்தனை வந்தது.

“ஏங்க, முழு மூட்டையோட ஏலகிரி ஏறி, முழுசா இறங்கி வாங்க. அப்புறம் தனுஷ்கோடியைப் பத்திப் பேசலாம்.” சொன்னதோடு நிற்காமல், “மலையில குளிரும்” என்று இரண்டு கிலோ போர்வை ஒன்றையும் கட்டிவிட்டாள்.

விடியற்காலை கிளம்பி, பெங்களூர் நெடுஞ்சாலையில் பாலாற்றை ஒட்டியே மிதித்தேன். சமதளத்தில் எந்தக் கியரும் நல்ல கியர்தான். பைகள்தான் குணத்தைக் காட்டின. முக்கோணப் பை தொப்பை போட்டு முழங்காலை உரசியது. பின்பை நாய்க்குட்டி மாதிரி வாலாட்டியது. ஆம்பூரில், பிரியாணிக்கு நேரமாகாததால் இட்லியோடு உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தேன். ஸ்பேனர், பம்ப், தண்ணீர் எல்லாம் முக்கோணத்தின் அடிப்பக்கம். துணிமணி ஹேண்டில்பாருக்கும் சீட்டுக்கும். கனமானது கீழே, நடுவே, லேசானது ஓரத்தில். வாலாட்டம் நின்றது.

வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு திருப்பத்தூர் சாலையில் திரும்பினால் பொன்னேரி. அங்கிருந்து ஏற்றம். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். கடைசி கியரைப் போட்டேன். வேகம், மணிக்கு ஐந்து கிலோமீட்டர். ஆட்டுக்குட்டி ஒன்று ஓவர்டேக் பண்ணிவிட்டுத் திரும்பிப் பார்த்தது. ஔவையார் வளைவில் ‘நெல்லிக்கனி கிடைக்குமா?’ என்றது மனசு. பாரி வளைவில், ஒரு முல்லைக்கொடி தென்பட்டாலும் தேரைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறத் தயாராக இருந்தேன். பேகன் வளைவில் ஒரு மயில் குறுக்கே வந்திருந்தால் அந்த இரண்டு கிலோவுக்கும் விடிவு பிறந்திருக்கும். வரவில்லை!

ஆனால் மேலே போய் இறங்கியபோது ஒன்று உறைத்தது. மூச்சு வாங்கியது, சட்டை பிழிந்தது. முழங்கால் மட்டும் முனகவில்லை. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே நின்றுகொண்டு, மூன்று வருஷத்துக்குப் பிறகு என் காலை நானே தட்டிக் கொடுத்தேன்.

பலாப்பழக் கடைத் தராசில் மூட்டையைத் தொங்கவிட்டேன். 14 கிலோ. ராத்திரி லாட்ஜில், வழியில் தொடாத சாமான்களைத் தனியே வைத்தேன். அதுமட்டும் ஐந்து கிலோ!

மறுநாள் இறக்கம். பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடேறும், டியூபே வெடிக்கலாம். முன்னும் பின்னுமாக விட்டு விட்டுப் பிடித்து, நாலு வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மை ஆறவிட்டேன். பிரேக் கட்டை புதுசாகப் போட்டிருந்ததால் வண்டி சொன்ன இடத்தில் நின்றது.

உங்களுக்கும் ஆசை இருந்தால், இருக்கிற சைக்கிளிலேயே மூட்டையைக் கட்டி, பக்கத்து ஊர் மேட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பாருங்கள். எதை மாற்றணும், எதை வீட்டில் விட்டுட்டு வரணும் என்று மேடே சொல்லிவிடும்.

தனுஷ்கோடிக்கு வீட்டில் சாங்ஷன் ஆகிவிட்டது. “கடல் காத்து ஆகாது” என்று அதே போர்வையும் கூடவே வருகிறது. ராமநாதபுரம் பக்கம் குளிரில் நடுங்கும் மயில் ஏதாவது இருந்தால், விவரம் தெரிந்தவர்கள் உடனே தெரிவிக்கவும்!